பொலிகாளைக்கு நெய் வேண்டுமா?



ஆடு மாடு பற்றிப் பேசும்போது எல்லோரும் பசுவைப் பற்றியே பேசுவார்கள். பால் தருவது பசு. கன்று போடுவது பசு. குட்டி போடுவது பெட்டை ஆடு. ஆகவே பேச்சும் அவற்றைப் பற்றியே இருக்கும். இன்றைய பேச்சு ஆண் கால்நடைகளைப் பற்றியது. பொலிகாளை, எருமைக் கிடா, ஆட்டுக் கிடா ஆகியவற்றைப் பற்றியது.

இவற்றுக்கு நெய்யும் எண்ணெயும் கொடுத்தால் பலம் கூடும் என்று பலர் நம்புகிறார்கள். நிறையக் கன்று பிறக்கும், நிறையக் குட்டி பிறக்கும் என்றும் சொல்கிறார்கள். இது உண்மையா? எவ்வளவு உண்மை? இதுதான் இன்றைய கேள்வி.

ஒரு பசுவில் குறை இருந்தால் ஒரு வீட்டுக்கு நட்டம். பொலிகாளையில் குறை இருந்தால் ஊருக்கே நட்டம். அதனால்தான் இந்தக் கேள்வி முக்கியமானது.

மூன்று தடவை பொய்த்த ஆடு

ஒரு சிற்றூரை மனதில் நினைத்துப் பாருங்கள். அங்கே பதினைந்து வீடுகளில் வெள்ளாடு வளர்க்கிறார்கள். எல்லா வீட்டுக்கும் சேர்த்து ஒரே கிடா. அதை வளர்ப்பவர் ஒரு வயதான அம்மா. அந்தக் கிடாதான் அவருக்கு வருமானம். ஆகவே பிள்ளையைப் போலக் கவனித்தார். வீட்டில் நெய் இருந்தால் அதற்கும் ஒரு கரண்டி. பலகாரம் சுட்ட எண்ணெய் மிஞ்சினால் அதுவும் தவிட்டில் கலந்து அதற்கே. கிடா கொழுகொழுவென்று இருந்தது. பார்த்தவர்கள் எல்லாம் புகழ்ந்தார்கள்.

அதே ஊரில் இன்னொரு பெண். அவரிடம் இரண்டு ஆடுகள். அதில் ஒன்று சினை பிடிக்கவில்லை. 21 நாள் கழித்து மறுபடி பருவத்துக்கு வந்தது. மறுபடி கிடாவிடம் ஓட்டிப் போனார். அதுவும் நிற்கவில்லை. மூன்றாவது தடவையும் பொய்த்தது. "இது மலட்டு ஆடு. கறிக்கு விற்றுவிடு" என்றார்கள். வியாபாரியும் வந்துவிட்டார். பாதி விலைக்குக் கேட்டார்.

பக்கத்து வீட்டுப் பெண் அறிவொளி வகுப்பில் எழுதப் படிக்கக் கற்றவர். ஆடு வளர்ப்போர் குழுவின் கணக்கு நோட்டு அவரிடம் இருந்தது. எந்த வீட்டு ஆடு, எந்தத் தேதியில் கிடாவிடம் போனது என்று எழுதி வைப்பார். அன்று அவர் நோட்டைப் புரட்டிப் பார்த்தார். ஒரு ஆடு மட்டும் அல்ல. நான்கு வீட்டு ஆடுகள் திரும்பத் திரும்பப் பருவத்துக்கு வந்திருந்தன.

அவர் ஓடி வந்து சொன்னார்:

"அக்கா, ஆட்டை விற்காதீங்க. குறை ஆட்டில் இல்லைபோலத் தெரியுது."

"பிறகு யாரிடம் குறை?"

"ஒரு ஆடு மலடா இருக்கலாம். நாலு வீட்டு ஆடும் ஒரே சமயத்தில் மலடா ஆகுமா? நாலும் போனது ஒரே கிடாவிடம். அதைத்தான் முதலில் பார்க்கணும்."

வியாபாரி வெறுங்கையோடு திரும்பினார். மறுநாள் எல்லோரும் கிடாவை ஓட்டிக்கொண்டு கால்நடை மருத்துவமனைக்குப் போனார்கள். மருத்துவர் என்ன சொன்னார் என்பதைப் பிறகு பார்ப்போம். முதலில் கிடாவின் உடம்பில் நடப்பதைத் தெரிந்துகொள்வோம்.

விந்தணு எப்படி உருவாகிறது?

ஆண் கால்நடையின் விதையில் விந்தணு உருவாகிறது. விந்தணு கண்ணுக்குத் தெரியாது. மைக்ராஸ்கோப் வழியாகத்தான் தெரியும். அதற்குத் தலை உண்டு. நீண்ட வால் உண்டு. வாலை ஆட்டி நீந்திப் போகும். பெண் கால்நடையின் கரு முட்டையைச் சேரும். அப்போதுதான் சினை பிடிக்கும்.

இது ஒரே நாளில் உருவாவதில்லை. காளையின் விதையில் ஒரு விந்தணு உருவாகச் சுமார் 60 நாள் ஆகிறது. ஆட்டுக் கிடாவில் சுமார் 48 நாள் ஆகிறது. அதன் பிறகும் அது உடனே வேலைக்கு வராது. விதையை ஒட்டிய நீண்ட குழாயில் ஊர்ந்து முதிர வேண்டும். அதற்கு 10 நாள் முதல் இரண்டு வாரம் வரை ஆகும்.

இதில் ஒரு பாடம் இருக்கிறது. இன்று கிடாவுக்குக் கொடுக்கும் தீவனத்தின் பலன் நாளைக்கே தெரியாது. இரண்டு, இரண்டரை மாதம் கழித்துத்தான் தெரியும். கெடுதலும் அப்படித்தான். சென்ற மாதம் பட்ட வெயிலும் சென்ற மாதம் வந்த காய்ச்சலும் இந்த மாதம் சினையைக் கெடுக்கும்.

கண்காட்சிக்கு முதல் நாள் நெய் ஊட்டுவதால் விந்து பெருகாது. பருவ காலம் தொடங்கிய பிறகு ஊட்டினாலும் அந்தப் பருவத்துக்கு உதவாது.

விந்தணுவுக்கும் கொழுப்பு வேண்டும்

அப்படியானால் கொழுப்பே வேண்டாமா? அப்படிச் சொல்ல முடியாது. கொழுப்பு இல்லாமல் விந்தணுவே இல்லை.

ஒவ்வொரு விந்தணுவையும் சுற்றி ஒரு மெல்லிய தோல் இருக்கிறது. அந்தத் தோலின் பெரும்பகுதி கொழுப்பால் ஆனது. ஆனால் எந்தக் கொழுப்பு? இங்கேதான் கவனிக்க வேண்டும்.

குளிர் காலத்தில் நெய் என்ன ஆகிறது? கட்டியாக உறைந்துவிடுகிறது. நல்லெண்ணெய் உறைகிறதா? அவ்வளவு எளிதில் உறைவதில்லை. நெய்யில் இறுகும் கொழுப்பு அதிகம். நல்லெண்ணெயில் இளகிய கொழுப்பு அதிகம். விந்தணுவின் தோல் வளைந்து கொடுக்க வேண்டும். அதன் வால் சாட்டை போலச் சுழல வேண்டும். அதற்கு இளகிய கொழுப்பு தேவை. அதிலும் ஒமேகா-3 என்ற வகைக் கொழுப்பு முக்கியமானது.

ஒமேகா-3 எதில் இருக்கிறது? மீன் எண்ணெயில் இருக்கிறது. ஆளிவிதையில் நிறைய இருக்கிறது. வட இந்தியாவில் ஆளிவிதையை அலசி என்பார்கள். மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர், பீகார் போன்ற மாநிலங்களில் இதைப் பயிர் செய்கிறார்கள். எல்லாவற்றையும்விட எளிதாகக் கிடைப்பது ஒன்று உண்டு. அதுதான் பச்சைப் புல். பசும்புல்லில் கொழுப்பு குறைவு. ஆனால் இருக்கும் கொழுப்பில் பாதிக்கு மேல் இந்த நல்ல வகைதான்.

நெய்யில் இந்த வகை மிக மிகக் குறைவு. விலை உயர்ந்த பொருள் எல்லாம் உயர்ந்த தீவனம் ஆகிவிடாது.

கோழிக்கு ஒரு வழி, காளைக்கு ஒரு வழி

சேவலும் பன்றியும் தின்ற கொழுப்பு அதிகம் மாறாமல் உடம்பில் சேரும். மீன் எண்ணெய் கொடுத்தால் அந்தக் கொழுப்பு விந்தணுவின் தோலிலும் போய்ச் சேரும். ஆராய்ச்சிகளில் இது தெளிவாகத் தெரிந்தது.

ஆனால் மாடும் எருமையும் ஆடும் அசை போடும் பிராணிகள். அவற்றின் வயிற்றில் நான்கு அறைகள் உண்டு. முதல் அறை மிகப் பெரியது. அதைப் பெருவயிறு என்று சொல்லலாம். அங்கே கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. வைக்கோலையும் புல்லையும் செரிக்க வைப்பவை அவைதான். அவை இன்னொரு வேலையும் செய்கின்றன. இளகிய கொழுப்பை இறுகும் கொழுப்பாக மாற்றிவிடுகின்றன.

ஆகவே காளைக்கு ஆளி எண்ணெய் ஊற்றினால் முழுப் பலனும் கிடைக்காது. ஒரு பகுதிதான் தப்பிப் போய் உடம்பில் சேரும். இதற்காகப் பெருவயிற்றில் கரையாத கொழுப்பு ஒன்றைத் தயாரிக்கிறார்கள். அதன் பெயர் பைபாஸ் கொழுப்பு. பெரும்பாலும் இது கறவை மாட்டுக்காகச் செய்யப்படுவது. கன்று ஈன்றதும் நிறையப் பால் கறக்கும் மாட்டுக்குச் சத்து போதாது. அப்போது இது உதவும். சும்மா நிற்கும் பொலிகாளைக்கு அந்தத் தேவை இல்லை. கடையில் விற்கிறார்கள் என்பதற்காக வாங்க வேண்டாம்.

ஆராய்ச்சி என்ன சொல்கிறது?

காளை, எருமைக் கிடா, செம்மறிக் கிடா, வெள்ளாட்டுக் கிடா ஆகியவற்றுக்கு மீன் எண்ணெய், ஆளி எண்ணெய் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். பல நாடுகளில் இந்தச் சோதனை நடந்திருக்கிறது. நம் நாட்டிலும் நடந்திருக்கிறது.

சில சோதனைகளில் விந்தணுக்கள் முன்பைவிட நன்றாக நீந்தின. உறைய வைத்து எடுத்த பிறகும் அதிக அணுக்கள் உயிரோடு இருந்தன. இது சினை ஊசிக்கு முக்கியமானது. சினை ஊசிக்கான விந்தை மைனஸ் 196 டிகிரி குளிரில் திரவ நைட்ரஜனில் வைக்கிறார்கள். அந்தக் குளிரில் பல அணுக்கள் செத்துப்போகும். தோல் இளகியதாக இருந்தால் தாங்கும் சக்தி கூடும்.

வேறு சில சோதனைகளில் எந்த மாற்றமும் தெரியவில்லை. விந்தணுவின் தோலில் கொழுப்பு மாறியது. ஆனால் நீந்தும் வேகம் மாறவில்லை. சினை பிடிப்பது கூடும் என்று உறுதியாகச் சொல்வதற்கு அது போதாது.

ஆகவே இப்படிச் சொல்லலாம். சரியான கொழுப்பு, சரியான அளவில், சரியான காலத்தில் கொடுத்தால் ஓரளவு உதவலாம். ஆனால் பட்டினி கிடக்கும் கிடாவை எண்ணெய் காப்பாற்றாது. நோய் உள்ள கிடாவை எண்ணெய் குணப்படுத்தாது. அளவு மீறினால் கெடுதல் நிச்சயம்.

ஒரு சின்னக் கணக்கு

அளவு என்றால் எவ்வளவு? கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

அரியானா மாநிலம் முர்ரா எருமையின் தாயகம். ரோத்தக், ஹிசார், ஜீந்த் பகுதிகளில் இந்த எருமைகள் பெயர் பெற்றவை. கன்னங்கரேல் என்ற உடம்பு. சுருண்ட கொம்பு. அங்கே கண்காட்சிக்கு வரும் கிடாக்களைப் பற்றிச் செய்தித்தாள்களில் படம் வரும். தினமும் பால், நெய், ஆப்பிள் எல்லாம் தின்னும் கிடா என்று எழுதுவார்கள். படிப்பவர்கள் வியந்துபோகிறார்கள். "நம் கிடாவுக்கும் கொடுத்தால் என்ன?" என்று சிலர் நினைக்கிறார்கள்.

ஒரு பெரிய எருமைக் கிடா ஒரு நாளைக்கு 10 கிலோ தீவனம் தின்கிறது என்று வைத்துக்கொள்வோம். இது ஈரம் போக உள்ள எடை. பத்துக் கிலோ பசும்புல்லில் ஈரம் போனால் சுமார் 2 கிலோதான் மிஞ்சும். இந்த 10 கிலோ தீவனத்தில் மொத்தக் கொழுப்பு 600 கிராமைத் தாண்டக் கூடாது. அதாவது நூற்றுக்கு 6 பங்கு. வைக்கோல், புல், தவிடு, பிண்ணாக்கு ஆகியவற்றிலேயே சுமார் 300 கிராம் கொழுப்பு இருக்கும். மிச்சம் இருப்பது 300 கிராம்தான்.

இப்போது ஒருவர் தினமும் ஒரு கிலோ நெய் ஊட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். 300 கிராமும் 1,000 கிராமும் சேர்ந்து 1,300 கிராம். எல்லையைப் போல இரண்டு மடங்குக்கும் மேல்!

ஆட்டுக் கிடாவுக்கு எவ்வளவு? 40 கிலோ எடையுள்ள கிடா ஈரம் போகச் சுமார் 1,200 கிராம் தீவனம் தின்னும். அதில் கொழுப்பின் எல்லை 72 கிராம். தீவனத்திலேயே 36 கிராம் இருக்கும். கூடுதலாகத் தாங்குவது இன்னொரு 36 கிராம்தான். இது எல்லைக்கோடு. கொடுக்க வேண்டிய அளவு அல்ல. அந்த அம்மா கொடுத்த கரண்டி நெய்யும் பலகார எண்ணெயும் சேர்ந்தால் இந்தக் கோட்டை எளிதாகத் தாண்டிவிடும்.

தாண்டினால் என்ன கெடுதல்?

முதல் கெடுதல் வயிற்றில். அதிக எண்ணெய் பெருவயிற்றில் உள்ள நார்ச்சத்தின் மேல் படிந்துகொள்ளும். நுண்ணுயிர்களால் வேலை செய்ய முடியாது. வைக்கோல் செரிக்காது. தீவனம் எடுப்பது குறையும். சாணம் இளகிப் போகும். சுண்ணாம்புச் சத்தும் உடம்பில் சரியாகச் சேராது. நெய் தின்ற கிடா ஒருவகையில் பட்டினி கிடக்கிறது.

இரண்டாவது கெடுதல் உடல் பருமன். தானியத்தில் உள்ள சக்தியைப் போல இரண்டேகால் மடங்கு சக்தி கொழுப்பில் உண்டு. வேலை செய்யாத காளையில் அது எங்கே போகும்? சதையிலும் விதைப்பையிலும் கொழுப்பாகச் சேரும்.

விதைப்பை ஏன் உடம்புக்கு வெளியே தொங்குகிறது என்று யோசித்தது உண்டா? விதைக்குக் குளிர்ச்சி வேண்டும். உடம்பைவிட 2 முதல் 6 டிகிரி வரை குறைந்த சூட்டில்தான் நல்ல விந்தணு உருவாகும். வெயில் நேரத்தில் விதைப்பை தொங்கிச் சூட்டை வெளியே விடும். குளிரில் மேலே சுருங்கும். பானைத் தண்ணீர் போல இயற்கை செய்த ஏற்பாடு அது. விதைப்பையின் மேல் பாகத்தில் கொழுப்பு சேர்ந்தால் கம்பளி சுற்றியது போல ஆகிவிடும். சூடு வெளியே போகாது. விந்தணுக்கள் வாலும் தலையும் கோணலாக உருவாகும்.

கனடா நாட்டில் இளம் காளைகளை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். அது 1997-ல் வெளியானது. ஒரு கூட்டத்துக்கு உலர்புல் தீவனம் மட்டும் கொடுத்தார்கள். இன்னொரு கூட்டத்துக்குத் தானியம் நிறையக் கொடுத்தார்கள். இரண்டாவது கூட்டம் நன்றாகக் கொழுத்தது. ஆனால் நல்ல வடிவமுள்ள விந்தணுக்கள் முதல் கூட்டத்தில்தான் அதிகம் இருந்தன. தானியத்துக்கே இந்த நிலை. நெய்யில் அதைவிடச் சக்தி அதிகம்.

கொழுத்த காளைக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. கால் வலிக்கும். மேலே ஏறவே சோம்பல்படும்.

மூன்றாவது கெடுதல் காறல். பழைய எண்ணெய் காற்றுப்பட்டால் காறல் வாடை அடிக்கும் அல்லவா? விந்தணுவின் தோலிலும் அப்படி நடக்கும். இளகிய கொழுப்பு எவ்வளவு நல்லதோ, அவ்வளவு எளிதில் கெட்டுப்போகும். இதைத் தடுப்பது வைட்டமின் ஈ. அது பசுந்தீவனத்தில் நிறைய இருக்கிறது. ஆகவே ஆளி எண்ணெய் கொடுத்துவிட்டுப் பசும்புல் கொடுக்காமல் இருந்தால் நன்மையே கெடுதலாக மாறலாம். பலகாரம் சுட்டு மிஞ்சிய எண்ணெய் ஏற்கெனவே கெட்ட எண்ணெய். அதைக் கிடாவுக்குக் கொடுக்கவே கூடாது.

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை.

பருத்திக்கொட்டை பற்றி ஓர் எச்சரிக்கை

கறவை மாட்டுக்குப் பருத்திக்கொட்டை ஆட்டிக் கொடுப்பது பழைய வழக்கம். பாலில் கொழுப்பு கூடும். அதே பழக்கத்தில் பொலிகாளைக்கும் கொடுக்கிறார்கள். இங்கே நிதானம் வேண்டும்.

பருத்திக்கொட்டையில் காசிபால் என்ற பொருள் இருக்கிறது. சீனாவில் 1950-களில் சில கிராமங்களில் சுத்தம் செய்யாத பருத்திக்கொட்டை எண்ணெயில் சமைத்துச் சாப்பிட்டார்கள். அங்கே ஆண்களுக்குக் குழந்தை பிறப்பது நின்றுபோனது. காரணத்தைத் தேடியபோது காசிபால் அகப்பட்டது. அது விந்தணுவைக் கெடுக்கிறது.

பெருவயிறு உள்ள மாடு இதை ஓரளவு தாங்கும். ஆனால் நிறையத் தின்ற காளைகளில் விந்தணுவின் நடுப்பகுதி பழுதானதைக் கண்டிருக்கிறார்கள். இளங்கன்றுக்கும் குட்டிக்கும் பெருவயிறு வளர்ந்திருக்காது. அவற்றுக்கு இது ஆகவே ஆகாது. பொலிகாளைக்கும் கிடாவுக்கும் பருத்திக்கொட்டை வேண்டாம். வேறு பிண்ணாக்கே நல்லது.

பிறகு என்னதான் கொடுப்பது?

இப்போது மருத்துவமனைக்குப் போவோம். மருத்துவர் கிடாவைத் தடவிப் பார்த்தார். விலா எலும்பு கையில் படவே இல்லை. விதைப்பையையும் பார்த்தார். மேல் பாகம் கொழுப்பால் தடித்திருந்தது. விந்தை எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். நீந்தும் அணுக்கள் குறைவாக இருந்தன. நோய் எதுவும் இருக்கிறதா என்றும் சோதித்தார். நோய் இல்லை. கிடாவை வளர்த்த அம்மாவுக்குக் கண் கலங்கியது.

"நல்லது என்று நினைச்சுத்தானே ஐயா கொடுத்தேன்?"

"உங்கள் அன்பில் குறை இல்லை, அம்மா. அளவில்தான் குறை. இதைச் சரி செய்துவிடலாம்" என்றார் மருத்துவர்.

அவர் சொன்ன வழிகள் எல்லா ஊருக்கும் பொருந்தும்.

பசுந்தீவனம் முதலில். புல், வேலிமசால், அகத்தி, சுபாபுல் போன்றவற்றைக் கலந்து கொடுக்க வேண்டும். விந்து உருவாக வைட்டமின் ஏ தேவை. அதுவும் பச்சையில்தான் வருகிறது. வெறும் காய்ந்த தட்டையும் வைக்கோலும் பல மாதம் தின்ற காளை வலுவிழக்கும்.

கொழுப்பு வேண்டும் என்றால் செக்கில் ஆட்டிய பிண்ணாக்கு போதும். அதில் எண்ணெய் கொஞ்சம் தங்கியிருக்கும். புரதமும் கிடைக்கும். கடலைப் பிண்ணாக்கில் பூஞ்சணம் இருந்தால் தூக்கி எறிய வேண்டும். அது நஞ்சு.

ஆளிவிதை கிடைத்தால் வறுத்துப் பொடித்துச் சிறிதளவு சேர்க்கலாம். பச்சையாக ஊற வைத்துக் கொடுக்கக் கூடாது. அதில் நச்சுப் பொருள் உண்டாகும். அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். பருவ காலத்துக்கு இரண்டரை மாதம் முன்பே தொடங்க வேண்டும்.

தாது உப்புக் கலவை தினமும் வேண்டும். அதில் உள்ள துத்தநாகமும் செலினியமும் விந்துக்கு உதவும். நல்ல தண்ணீர் எப்போதும் இருக்க வேண்டும்.

நிழல் வேண்டும். கோடையில் எருமைக் கிடாவைக் குளத்தில் விட வேண்டும். குளம் இல்லாவிட்டால் தண்ணீர் தெளிக்க வேண்டும். சூட்டால் வரும் கெடுதலை எந்த எண்ணெயாலும் சரி செய்ய முடியாது.

நடை வேண்டும். ஓய்வும் வேண்டும். ஒரு நல்ல ஆட்டுக் கிடா 25, 30 பெட்டைக்குப் போதும். ஒரே நாளில் பல பெட்டைகளிடம் விட்டால் விந்து நீர்த்துப்போகும்.

காளையின் எடையைக் கையால் பார்க்கலாம். விலா எலும்பு கண்ணுக்குத் தெரியக் கூடாது. ஆனால் தடவினால் கையில் பட வேண்டும். கண்ணுக்குத் தெரிந்தால் தீவனத்தைக் கூட்ட வேண்டும். தடவினாலும் படாவிட்டால் குறைக்க வேண்டும். திடீரென்று குறைக்காமல் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும்.

மூட்டையைப் படியுங்கள், நோட்டில் எழுதுங்கள்

கடையில் வாங்கும் தீவன மூட்டையில் எழுத்துகள் இருக்கும். முன்பு அவை வெறும் கோடுகள். இப்போது எழுத்தறிந்தவர்கள் அவற்றைப் படிக்கலாம். புரதம் எவ்வளவு? கொழுப்பு எவ்வளவு? நார் எவ்வளவு? என்ன தேதியில் தயாரித்தது? எந்தக் கால்நடைக்கு உரியது? இவற்றைப் பார்த்து வாங்க வேண்டும். கறவை மாட்டுத் தீவனம் வேறு. பொலிகாளையின் தேவை வேறு.

அதைவிடப் பெரிய கருவி ஒரு நோட்டு. அதில் நான்கு கட்டம் போட்டால் போதும். எந்த வீட்டு ஆடு அல்லது மாடு? எந்தத் தேதியில் இணை சேர்ந்தது? எந்தக் கிடா அல்லது காளை? 21 நாளில் மறுபடி பருவத்துக்கு வந்ததா?

ஒரு தடவை பொய்த்தால் 21 நாள் போயிற்று. மூன்று தடவை பொய்த்தால் 63 நாள். இரண்டு மாதத் தீவனச் செலவு வீண். கன்றும் பாலும் இரண்டு மாதம் தள்ளிப்போகும். கூலி வேலையோடு ஒரு எருமை வைத்திருக்கும் குடும்பத்துக்கு அது பெரிய அடி.

நம் நாட்டில் 2019-ல் கால்நடைக் கணக்கெடுப்பு நடந்தது. மாடுகள் 19 கோடிக்கு மேல். எருமைகள் சுமார் 11 கோடி. வெள்ளாடுகள் சுமார் 15 கோடி. செம்மறி 7 கோடிக்கு மேல். இவற்றில் பெரும்பாலானவை சிறு விவசாயிகளிடமும் நிலமில்லாத ஏழைகளிடமும் இருக்கின்றன. மேய்ப்பதும் தண்ணீர் காட்டுவதும் பெரும்பாலும் பெண்கள். சினை பிடிக்காவிட்டால் முதலில் குறை சொல்வது பெட்டையை. இது கால்நடைக்கு மட்டும் நடப்பதல்ல. வீட்டிலும் குழந்தை இல்லை என்றால் பெண்ணையே குறை சொல்கிறார்கள். குறை இரு பக்கத்திலும் இருக்கலாம். இரு பக்கத்தையும் சோதிக்க வேண்டும். நோட்டில் உள்ள கணக்கு யாருக்கும் பட்சம் பார்ப்பதில்லை.

அந்த ஊர்க் கதையின் முடிவு

அந்த அம்மா நெய்யை நிறுத்தினார். பலகார எண்ணெயையும் நிறுத்தினார். காலையும் மாலையும் கிடாவை நடத்திக்கொண்டு போனார். பச்சைத் தழை போட்டார். முதல் மாதம் எந்த மாற்றமும் இல்லை. சிலர் கேலி பேசினார்கள். அவர் பொறுமையாக இருந்தார். விந்தணு உருவாக எத்தனை நாள் ஆகும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார் அல்லவா? அதுவரை மற்றவர்கள் பக்கத்து ஊர்க் கிடாவிடம் ஆடுகளை ஓட்டிப் போனார்கள்.

இரண்டரை மாதம் ஆயிற்று. மருத்துவர் மறுபடி விந்தைப் பார்த்தார். "இப்போது விடலாம்" என்றார். மலடு என்று விற்க இருந்த ஆட்டைத்தான் முதலில் ஓட்டி வந்தார்கள். நோட்டில் தேதி எழுதினார்கள். 21 நாள் காத்திருந்தார்கள். அந்த ஆடு திரும்பப் பருவத்துக்கு வரவில்லை. ஐந்து மாதத்தில் இரண்டு குட்டி போட்டது.

வியாபாரி கேட்ட பாதி விலைக்கு விற்றிருந்தால் அந்த இரண்டு குட்டி ஏது?

நண்பர்களே! கிடாவின் பளபளப்பைப் பார்த்து ஏமாற வேண்டாம். வீட்டில் இருக்கும் நெய்யைக் குழந்தைகளின் சோற்றில் ஊற்றுங்கள். கிடாவுக்குப் பசும்புல்லும் நிழலும் நடையும் கொடுங்கள். எண்ணெய் கொடுக்கத்தான் வேண்டும் என்றால் அளவு கேட்டுக் கொடுங்கள். சினை பிடிக்காவிட்டால் பெட்டையை விற்கும் முன் நோட்டைப் பாருங்கள்.